சாம்பிராணியின் பேரப்பிள்ளை

இடது கையின் கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. அந்தக் கையாலேயே காகிதத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மைத்துனன் பாச்சு எழுதிக்கொண்டு வந்ததைக் கனகலக்ஷ்மி வாசித்தாள். கணவர் கணபதிராமன் ரசாயனம் சொல்லிக்கொடுத்த மைசூர்க் காலேஜ் ஒன்றிலிருந்து விளக்கம் கேட்டிருந்தார்கள். பென்சீன் புட்டி வீட்டுக்கு எப்படி வந்தது, தீ எப்படிப் பிடித்தது? இங்கிலீஷில் பெயர்த்து அனுப்புமுன் அவள் பார்க்கட்டும் என்று பாச்சு தமிழில் எழுதியிருந்தான். 'என் கணவர் அஜாக்கிரதையாகப் புட்டியைத் தணலில் சாய்த்துவிட்டார்' என்று முடிந்திருந்தது.

"சரின்னு கையெழுத்து போடுங்கோ மன்னி. இனிமே அண்ணாவை யார் என்ன பண்ணிடப் போறா?"

கூறைப்புடவையில் பட்ட எண்ணெய்க் கறையைப் போக்கத்தான் அவர் அந்தச் சின்னப் புட்டியைக் கொண்டுவந்தார். "இதுக்கு ஏன் இந்தப் பேர் தெரியுமோ?" என்று ஆரம்பித்தார். அரபு வியாபாரிகள் சாம்பிராணியை லூபான் ஜாவி, ஜாவாவின் தூபம், என்றார்களாம். வெள்ளைக்காரன் வாயில் அது தேய்ந்து பென்சாயின் ஆயிற்றாம். அதிலிருந்து ஓர் அமிலம். அந்த அமிலத்தைச் சுண்ணாம்போடு காய்ச்சி வடித்தால் சொட்டுவது பென்சீன்.

"அப்போ சாம்பிராணியோட பிள்ளைன்னு சொல்லுங்கோ."

"ஹௌது, பேரப்பிள்ளை!" என்று கன்னடத்தில் ஆமோதித்தார்.

இருவரும் சிரித்தார்கள். தணல் பக்கம் கொண்டுபோகாதே என்று அவர் சொன்னாரா? பையன்களிடம் தினமும் தொண்டை வற்றச் சொல்கிறவர் வீட்டில் சொல்லாமலா இருந்திருப்பார்? அந்தச் சாயங்காலத்தை அவள் எத்தனை தரம் புரட்டிப் பார்த்தாலும் சிரிப்பு மட்டுமே கேட்கிறது.

தசரா முடிந்து வந்த வெள்ளிக்கிழமை. ஒன்பது நாளும் போட்டதில் சாம்பிராணி டப்பா காலி. தூபக்காலில் தணல் வீணாகிக்கொண்டிருந்தது. அலமாரியில் பேரப்பிள்ளை இருந்தான். இரண்டே சொட்டு என்றுதான் சாய்த்தாள். தீ புட்டிக்குள் ஏறி வந்தது. ஓடிவந்தவர் எரிகிற அவள் புடவையைத் தன் மார்போடு அமுக்கினார். அவர் சட்டை பற்றிக்கொண்டது. மூன்று நாள் இருந்தார். டாக்டர் கேட்டபோது, "நானேதான் கொட்டிண்டேன்" என்றார்.

"பாச்சு, புட்டியைச் சாய்ச்சது நான்."

பாச்சு நிமிரவில்லை. "அண்ணா சொன்னதே இருக்கட்டும், மன்னி. தெரிஞ்சா அக்ரஹாரம் உங்களைச் சும்மா விடாது."

"அஜாக்கிரதைன்னு எழுதறியே. அந்த மனுஷர் ஒரு நாளாவது மூடியில்லாத புட்டியைத் தொட்டிருப்பாரா?"

பேனாவை வாங்கி, 'சாய்த்துவிட்டார்' என்பதைச் 'சாய்த்துவிட்டேன்' என்று திருத்தினாள். பிறகு 'என் கணவர்' என்பதை அடித்தாள். மேலே 'நான்' என்று எழுதினாள். அடுத்த வீட்டில் விளக்கேற்றிவிட்டார்கள் போலும், சாம்பிராணிப் புகை ஜன்னல் வழியே வந்தது. பாச்சு சாத்துவதற்கு எழுந்தான்.

"வேண்டாம், திறந்தே இருக்கட்டும்."

புகை மேஜைக்கு மேலே தயங்கி நின்றது. 'நான்' என்பதற்குப் பக்கத்தில் பேனா ஊன்றிய இடத்தில் மை ஊறி, மெல்ல வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.