நாலு விரல்கடை ரப்பர்

விஜயராஜின் காரைத் தீப்பெட்டி என்று சொன்னது மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்துத் தூரத்து மாமா ஒருவர். தங்கை சத்யபிரியாவின் கல்யாணத்தன்று, குளத்தூரில், சம்பந்தி வீட்டு வாசலில் நாலு பேர் கேட்கச் சொன்னார். “தீப்பெட்டி ஆபீஸ் வச்சிருக்கவியல்லா! அதான் ஒரு தீப்பெட்டிக்கு நாலு சக்கரத்த மாட்டி ஓட்டிட்டு வந்துட்டாவ.” எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரித்தவர்கள் பந்தியில் உட்காருவதற்குள் அதை மறந்துபோனார்கள். இந்த மடையன் மட்டும் இரண்டு வருஷமாக நெஞ்சில் வைத்துப் புழுங்கினான்.

அப்பா இல்லாத வீடு. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற ஒரு சின்னத் தொழிற்சாலை, அம்மா வள்ளிமயில், அவன், அவ்வளவுதான். புருஷன் போன பிறகு எந்த நல்ல காரியத்திலும் அம்மா முன்னால் வந்து நின்றதில்லை. பெற்ற மகள் கல்யாணத்திலேயே தூணுக்குப் பின்னால்தான் நின்றாள். ஆனால் தலைப்பிரசவம் தாய்வீட்டில் அல்லவா! அதில் அவளை ஒதுங்கி நில் என்று எவளும் சொல்ல முடியாது. சத்யாவுக்கு வளைகாப்பு நாள் குறித்ததுமே உள்ளறைக்கு வெள்ளையடித்தாள், புதுக் கட்டில் வாங்கிப் போட்டாள், தொட்டில் கட்ட உத்திரத்தில் கொக்கி மாட்டினாள். தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், “எம்மவ வாரா, பேறுகாலத்துக்கு வாரா” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சத்யாவின் புருஷன் ஜெயகிருஷ்ணன் குளத்தூர்ப் பக்கம் உப்பளம் வைத்திருக்கிறவன். அவன் முன்கூட்டியே போன் பண்ணிச் சொன்னான். “மச்சான், நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழ இறங்கி இருக்காம். குலுங்காமக் கூட்டிட்டுப் போனா பயமில்லைன்னு டாக்டரம்மா சொல்லுதாவ.”

“அட, பூ மாதிரிக் கொண்டு வந்துருவேன் மாப்பிள, நீங்க கவலைய விடுங்க” என்றான் விஜயராஜ்.

சொன்னவன் என்ன செய்தான் தெரியுமா? மறுநாளே டயர்க் கடைக்குப் போய், நல்லா இருந்த பதினாலு இஞ்ச் சக்கரங்களைக் கழற்றச் சொல்லிப் பதினேழு இஞ்சில் பளபளவென்று அலாய் வீல் மாட்டிக்கொண்டான். சக்கரம் பெரிதானால் ரப்பர் சிறுத்துத்தானே ஆக வேண்டும், மட்கார்டுக்குள் இருக்கிற இடம் அவ்வளவுதானே! அரைச்சாணுக்கு மேல் இருந்த ரப்பர் நாலு விரல்கடைக்கு வந்துவிட்டது. கடைக்காரர் செல்லத்துரை கேட்கத்தான் செய்தார். “எந்த ரோட்டுல ஓட்டப் போறிய அண்ணாச்சி? பள்ளத்துல விழுந்தா தாங்குததுக்கு இதுல ரப்பர் கெடையாது.”

“நாலுவழிச்சாலையிலதான்” என்று கூசாமல் சொன்னான். பழைய சக்கரங்களை, ஸ்டெப்னியும் சேர்த்து, அங்கேயே எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டான்.

கயத்தாறு வரைக்கும் நாலுவழிச்சாலையில் ஓட்டிப் பார்த்தான். அடடா, என்ன ஓட்டம்! வளைவில் வண்டி சாயவே இல்லை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நினைத்த பக்கம் திரும்பியது. அந்த மாமா இப்போது பார்க்கட்டும் என்று தனியாகச் சிரித்துக்கொண்டான்.

வளைகாப்பன்று அம்மாவோடு குளத்தூருக்குப் போகையில், விளாத்திகுளம் தாண்டியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. கரிசல் பூமி மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும். மேலே எத்தனை தார் ஊற்றினாலும் ரோடு அலை அலையாகத்தான் கிடக்கும். பழைய சக்கரம் அத்தனையையும் தன் ரப்பரிலேயே விழுங்கிவிடும். இது ஒவ்வொன்றையும் உட்கார்ந்திருப்பவர் முதுகில் இறக்கியது. பழையதைவிட அகன்ற டயர் ரோட்டு மேட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் கையிலிருந்து பிடுங்கியது.

“ஏலே, என்ன இந்தப் போடு போடுது?” என்றாள் அம்மா.

“ரோடு அப்படிம்மா.”

“போன மாசமும் இதே ரோட்டுலதானல வந்தோம்?”

அவன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். சக்கரம் மாற்றியதை அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

குளத்தூரில் வண்டியைச் சுற்றி இளவட்டங்கள் கூடிவிட்டார்கள். சக்கரத்தோடு சேர்ந்து போட்டோ பிடித்தார்கள். அந்தத் தூரத்து மாமாவே வந்து குனிந்து பார்த்து, “பிரமாதம்யா” என்றார். விஜயராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை. வளைகாப்பு முடிந்ததும் ஜெயகிருஷ்ணன் அவனைத் தனியே கூப்பிட்டான். “மச்சான், நம்ம பழைய ஜீப் நிக்குது. டயர் கொழுகொழுன்னு இருக்கும், ஆட்டம் தெரியாது. அதுலயே கொண்டு விட்டுட்டு வரட்டா?”

அந்த ஒரு கேள்விக்குச் சரி என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

“எங்க வீட்டுப் பிள்ளைய எங்க வண்டியில கூட்டிட்டுப் போகுததுதான மரியாத?” என்றான் விஜயராஜ்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவள் யாரிடமும் சொல்லிக்கொள்ளக் கூடாது, திரும்பியும் பார்க்கக் கூடாது. சத்யா இரண்டு கை நிறைய வளையலோடு தலைகுனிந்து வந்து பின்சீட்டில் ஏறினாள். பக்கத்தில் அம்மா. பின்னால் சீர்ப்பாத்திரங்களும் பலகாரமும். பாரம் ஏறியதும் வண்டி தாழ்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் டயர் மட்கார்டில் உரசிக் கத்தியது. கொஞ்ச தூரத்திலேயே சத்யா, “அண்ணே, முடியல” என்றாள்.

நிறுத்தினான். சைக்கிளில் காற்றைக் குறைத்தால் மெத்தென்று போகுமே என்று அவனுக்குத் தோன்றியது. இறங்கி நாலு டயரிலும் பாதிக் காற்றைப் பிடுங்கிவிட்டான். பாவி! ரப்பர் நிறைய இருந்தால் அது சரி. நாலு விரல்கடை ரப்பரில் காற்றும் குறைந்துபோனால் அப்புறம் கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் என்னதான் இருக்கிறது? அடுத்த ஓடைப்பாலத்தின் விளிம்பில் மடாரென்று ஒரு அடி. ரிம் நெளிந்தது, டயரின் பக்கம் கிழிந்தது, சத்யா “அம்மா!” என்று அலறி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

அவளை மெல்ல இறக்கி, வேலிமர நிழலில் அம்மாவின் சால்வையை விரித்து இடது பக்கமாகப் படுக்க வைத்தார்கள். “அசையலம்மா, பிள்ள அசையல” என்று அவள் அழுதாள். அம்மா அவள் வயிற்றில் கை வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டாள். மாற்ற ஸ்டெப்னி இல்லை. விஜயராஜ் ஜெயகிருஷ்ணனுக்குப் போன் பண்ணினான். தன் பகட்டுக்குத் தங்கச்சி பிள்ளையைக் கொன்றுவிட்டோமோ என்று நினைத்தபோது, அங்கேயே பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

ஜீப் வந்து நிற்பதற்குச் சற்று முன்னால்தான் சத்யா, “அசையுது” என்றாள். அம்மா வாய்விட்டு அழுதாள்.

ஜீப்பிலிருந்து ஜெயகிருஷ்ணனும் அவன் அம்மா ஜானகியம்மாளும் இறங்கினார்கள். பின்னாலேயே பைக்குகளில், போட்டோ பிடித்த அதே இளவட்டங்கள். ஜெயகிருஷ்ணன் டாக்டரம்மாவைப் போனில் பிடித்தான். உடனே பக்கத்து ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும், அதன் பிறகு பிரசவம் வரைக்கும் படுக்கைதான், கோவில்பட்டிக்குப் பயணம் என்ற பேச்சே கூடாது என்று சொல்லிவிட்டார். சொல்லிக்கொள்ளாமல் படியிறங்கியவள், பொழுது சாயுமுன் அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். அம்மாவின் முகத்தைப் பார்க்க விஜயராஜுக்குத் தைரியம் வரவில்லை.

“எப்படிம்மா ஆச்சு?” என்று ஜானகியம்மாள் மருமகளின் தலையைத் தடவினாள்.

“அண்ணன் மெதுவாத்தான் ஓட்டுனான் அத்தை. ரோடுதான் ஒண்ணுக்கும் ஆகாது” என்றாள் சத்யா. அந்த வலியிலும்!

ஜானகியம்மாள் விஜயராஜிடம் வந்தாள். “குத்தம் எங்க ஊரு ரோட்டு மேல தம்பி. தங்கச்சியக் கூப்பிட வந்த எடத்துல உங்களுக்கு இப்படி ஒரு சங்கடமாயிட்டே. மனசுல வச்சுக்கிடாதிய” என்று கையைக் கூப்பினாள்.

வயதில் மூத்தவள், கையைக் கூப்பி நிற்கிறாள். ரோடு இல்லை அத்தை, நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தான். பைக்கில் சாய்ந்து நின்ற பையன்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஆமா அத்தை, ரோடு ரொம்ப மோசம்” என்றான்.

ஜீப்பில் சாய்ந்திருந்த சத்யா அதைக் கேட்டாள். ஒரு பார்வை பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“நீங்களும் ஏறுங்க மதினி, பிள்ள பெறுத வரைக்கும் எங்ககூடவே இருங்க” என்று ஜானகியம்மாள் கூப்பிட்டாள். மகளின் பேறுகாலத்தைத் தன் வீட்டில் பார்க்க இருந்தவள், சம்பந்தி வீட்டில் விருந்தாளியாக உட்காரப் போகிறாள். ஜீப்பில் ஏறப் போன அம்மாவின் பின்னாலேயே விஜயராஜும் நடந்தான். அம்மா நின்று, அவன் பக்கம் குனிந்தாள்.

“நீ வராண்டாம்ல. வண்டியப் பாத்துக்க. உனக்கு அதான பெருசு?”

அதையும் சம்பந்தியம்மா காதில் விழாதபடி மெதுவாகத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “எம்மவன் என்ன செய்வான், ரோடு அப்படி” என்றபடி ஏறிக்கொண்டாள்.