கடல் வரைக்கும் ஆட்டோ

ஆட்டோ ஓட்டுகிறவன் வெளிநாட்டுக்குப் போய் ஆட்டோ ஓட்டப் போகிறான் என்றால் எந்த ஊர்தான் சிரிக்காது? ஆரணி பஸ் ஸ்டாண்டு வாசலில் இருந்த ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "தெனம் இட்லி துன்றவன் விருந்துக்குப் போயி இட்லி கேட்ட கதையா கீதே" என்றான் தணிகாசலம். "வாடகை வேற குடுத்து ஓட்டப் போறியா? இந்தா, என் வண்டிய ஓட்டு. சும்மாவே தரேன்."

காத்தவராயனும் கூடச் சேர்ந்து சிரித்தான். பதிலுக்குப் பதில் பேசத் தெரிந்திருந்தால் அவன் எப்போதோ கட்சியில் சேர்ந்திருப்பான்.

அவன் மனைவி பாஞ்சாலைக்கு ஒரு பட்டுத் தறிக்கூடத்தில் நூலைத் தார்க்குச்சியில் சுற்றும் வேலை. அவளும் ஆரம்பத்தில் சிரித்தவள்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷமாக ஒரு மனுஷன் ஒரே ஆசையைச் சொல்லிக்கொண்டிருந்தால் எத்தனை நாள்தான் சிரிக்க முடியும்?

ஆசை இதுதான். ஆட்டோவுக்கு பர்மிட் என்று ஒன்று உண்டு. ஊரைச் சுற்றி இவ்வளவு தூரம், அதற்கு மேல் சக்கரம் உருளக் கூடாது. படவேடு போகலாம், களம்பூர் போகலாம், திரும்பி வரலாம். மற்றவர்கள் அப்படி இப்படி என்று எல்லையைத் தாண்டுவார்கள். காத்தவராயன் தாண்டமாட்டான். கிரிவலத்துக்குத் திருவண்ணாமலை போக ஒரு குடும்பம் இரட்டை வாடகை தருகிறேன் என்றபோதுகூட, அவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, மூட்டையையும் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தவன். மூன்று வண்டி தேய்ந்துபோனது. அத்தனையும் செக்கு மாடு சுற்றிய சுற்றுதான்.

"ஒரே ஒரு தபா, ரோடு தீந்து போற வரைக்கும் ஆட்டோ ஓட்டணும் பாஞ்சால" என்பான். "போதும், நிறுத்துன்னு யாரும் சொல்லக் கூடாது. கடல்தான் சொல்லணும்."

சென்னையில் கம்பெனி வேலை பார்க்கும் மகள் காவ்யாதான் வழி கண்டுபிடித்தாள். இலங்கையில் ஊர் சுற்ற வருகிறவர்களுக்கு ஆட்டோவை வாடகைக்கு விடுகிறார்கள். அந்த ஊர் லைசென்ஸையும் அவர்களே வாங்கித் தருகிறார்கள். வடக்குக் கோடி பருத்தித்துறையில் வண்டியை எடுத்து, தெற்குக் கோடி தேவேந்திரமுனை வரைக்கும் ஓட்டலாம். ஐந்தாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பக்கத்து ஊரான மாத்தறையில் வண்டியை ஒப்படைத்துவிட வேண்டும்.

நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். பையில் களம்பூர் அரிசி, புளிக்காய்ச்சல், ஒரு சின்ன ரைஸ் குக்கர். கோயில் மடமோ மலிவான அறையோ கிடைத்த இடத்தில் தங்கி, பிளக்கு இருக்கிற இடத்தில் பொங்கித் தின்பது என்று ஏற்பாடு. கையில் இருந்த பணம் ஐந்து நாளுக்கும், திரும்பி வருவதற்கும் மட்டும்தான். ஒரு நாள் அதிகமானால்கூடத் தாங்காது.

பருத்தித்துறையில் நீல ஆட்டோ ஒன்று நின்றது. காத்தவராயன் அதைச் சுற்றி வந்தான். டயரை அழுத்திப் பார்த்தான், கண்ணாடியைத் திருப்பினான், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தான். பிறகு பாஞ்சாலையைப் பின்னால் உட்காரவைத்துக் கிளப்பினான். யாழ்ப்பாணம் போயிற்று, அனுராதபுரம் போயிற்று, கண்டியும் போயிற்று. ஆரணியில் பள்ளத்துக்குப் பள்ளம் திட்டிக்கொண்டே ஓட்டுகிற மனுஷன், இங்கே தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே சீட்டியடித்துக்கொண்டு போனான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவனுக்குச் சீட்டியடிக்கத் தெரியும் என்பதே பாஞ்சாலைக்குத் தெரியாது.

ஐந்தாம் நாள் காலை பண்டாரவளை தாண்டி மலையிலிருந்து இறங்கும்போது, வளைவில் இவர்களைப் போலவே வாடகைக்கு எடுத்த ஆட்டோ ஒன்று புகைந்துகொண்டு நின்றது. பக்கத்தில் வயதான வெள்ளைக்காரத் தம்பதி.

"பிரேக்கையே மிதிச்சிகினு வந்துருக்காங்க" என்றான் காத்தவராயன். வண்டியை ஓரம் கட்டினான்.

"நேரமாவுதுய்யா" என்றாள் பாஞ்சாலை.

"தோ, ஜல்தியா வந்துடறேன்."

எங்கே ஜல்தி? பிரேக் ஆறவே ஒரு மணி நேரம் பிடித்தது. இறக்கத்தில் கியரைக் குறைத்து வண்டியை எஞ்சினாலேயே பிடிக்க வேண்டும் என்பதை அவன் ஒரு வார்த்தை இங்கிலீஷ் இல்லாமல், உறுமியும் இருமியும் காட்டிய அழகைப் பார்க்க வேண்டுமே! அதற்குள் இன்னும் இரண்டு வாடகை ஆட்டோக்கள் பயந்துபோய் வந்து சேர்ந்துகொண்டன. காத்தவராயன் முன்னால் போனான். அவன் கையைத் தூக்கினால் மூன்று வண்டியும் நின்றன, கையை அசைத்தால் நகர்ந்தன. "ஏய், ஆட்டோ!" என்று கைதட்டிக் கூப்பிடுகிறவர்களையே பார்த்துப் பழகிய பாஞ்சாலை, பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். மலையடிவாரத்தில் அந்தப் பெரியவர் இறங்கி வந்து காத்தவராயனைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. நேரமோ போய்க்கொண்டே இருந்தது.

மாத்தறை வந்தபோது ஐந்து மணிக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. வண்டியை வாங்கிக்கொள்ளும் ஆள் சொன்ன இடத்தில் நின்றிருந்தார். தேவேந்திரமுனை இன்னும் ஆறு கிலோமீட்டர்.

"அஞ்சு மணிக்கு அடுத்த ஆள் வருது" என்றார், தனக்குத் தெரிந்த தமிழில். முகத்தில் கடுமை இல்லை. கடிகாரத்தைத்தான் காட்டினார்.

காத்தவராயன் எஞ்சினை அணைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான். வாதாடவில்லை, கெஞ்சவில்லை.

"அவ்ளோதான் பாஞ்சால. டைம் முடிஞ்சிபோச்சி" என்றான். "இவ்ளோ தூரம் வந்ததே பெருசு. எறங்கு."

எல்லைக்கு இந்தப் பக்கமே நின்று பழகிய மனுஷன். அவன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. பாஞ்சாலைக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. யார் மேல் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

"எறங்க மாட்டேன்" என்றாள்.

"பேஜார் பண்ணாதம்மா. எறங்கு."

"நான் ஏறும்போது இன்னா எடம் சொன்னேன்? தேவேந்திரமுனை. இது தேவேந்திரமுனையா? ஏத்தின ஆள நடுவழில எறக்கி உட்டிருக்கியா நீ, இத்தினி வருசத்துல? ஒரு தபா? சொல்லுய்யா!"

காத்தவராயன் சாவியைக் கையில் உருட்டினான். மழையானாலும் டயர் வெடித்தாலும் ஏற்றிய ஆளைச் சொன்ன இடத்தில் சேர்க்காமல் அவன் வீடு திரும்பியதில்லை. தள்ளிக்கொண்டு போயாவது சேர்த்திருக்கிறான்.

அவள் அந்த ஆளிடம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க. சவாரி உள்ள குந்திகினு கீது. எறக்காம வண்டிய ஒப்படைக்கலாமா?"

அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவளைப் பார்த்தார், தலைகுனிந்து நின்ற அவனைப் பார்த்தார். செல்லை எடுத்து யாரிடமோ சிங்களத்தில் இரண்டு வார்த்தை சொன்னார். பிறகு காத்தவராயனை ஏறித் தள்ளி உட்காரச் சொல்லி, ஓட்டுகிற சீட்டிலேயே ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார். "போங்க, போங்க" என்றார்.

காத்தவராயன் வண்டியைக் கிளப்பினான். மீன் வாடை வந்தது. வெள்ளைக் கலங்கரை விளக்கம் தென்னைகளுக்கு மேலே எழும்பி வந்தது. ரோடு குறுகியது, ஒரு மதில் ஓரமாக வளைந்தது, பிறகு இல்லவே இல்லை. பாறை, அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்.

காத்தவராயன் வண்டியை நிறுத்தினான். ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இதுக்கு மேல ரோடே இல்ல பாஞ்சால" என்றான். பேரன் பிறந்த சேதியைச் சொல்கிறவன் குரல் மாதிரி இருந்தது அது. கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அவன் துடைக்கவில்லை. இந்த மனுஷனுக்கு வாக்கப்பட்டதை நினைத்துப் பாஞ்சாலை அன்றைக்குப் பூரித்ததுபோல் என்றைக்கும் பூரித்ததில்லை.

பிறகு, பழக்கதோஷத்தில், அவன் பாதி திரும்பிச் சொன்னான்: "எடம் வந்துடுச்சி. எறங்கிக்கோம்மா."

"நீ மொதல்ல எறங்குய்யா" என்றாள் பாஞ்சாலை. "இன்னிக்கி சவாரி நீதான்."