தலைவரின் மோர்மிளகாய்

ஒஸ்லோவின் புறநகரான லோறென்ஸ்கூக்கில் மகள் வீட்டோடு வந்திருந்த டொக்டர் அருட்பிரகாசத்துக்கு ஒஸ்லோவில் இப்படியொரு கிராக்கி வரும் என்று யாரும் நினைக்கவில்லை. இலங்கை இராணுவத்தில் சத்திரசிகிச்சை நிபுணராக இருந்த தமிழர் என்றால் நம்மவர்கள் தேநீர்கூட நீட்டமாட்டார்கள். ஆனால் சிறைப்பட்டிருந்த இயக்கத் தலைவர் சோதிலிங்கத்தை இராணுவ ஆஸ்பத்திரியில் கடைசிவரை பார்த்தவர் இவர்தான் என்ற செய்தி கசிந்ததும், இராணுவம் என்ற சொல் எல்லோருக்கும் மறந்துபோயிற்று.

சோதிலிங்கத்துக்கு ஒஸ்லோவில் இரண்டு நினைவுக் குழுக்கள் இருந்தன. படத்தில் மீசை இருக்கவேண்டும் என்றவர்கள் ஒன்று. சிறையில் மழித்துவிட்டார்கள், அந்த முகம்தான் தியாகத்தின் முகம் என்றவர்கள் மற்றது. சாகும்போது தலைவர் ‘போராட்டத்தை விடாதேங்கோ’ என்றார் என்பது மீசைக் குழுத் தலைவர் யோகராசாவின் கட்சி. ‘சமாதானமாய்ப் போங்கோ’ என்றார் என்பது மற்றக் குழுவின் குகதாசனுடைய கட்சி. அது சமாதானப் பேச்சுவார்த்தைக் காலம். கடைசி வார்த்தைக்கு நல்ல மவுசு இருந்தது.

டொக்டர் ஒருவர்தான் என்பதால் வேறு வழியில்லாமல், பனி கொட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை இரு குழுவும் ஒரே பள்ளிக்கூட மண்டபத்தில் கூடின. மேடையில் இரண்டு படங்கள், இரண்டு குத்துவிளக்குகள்.

டொக்டர் மாணவர்களுக்குப் பாடம் எடுப்பவர்போலப் பேசினார். ஈரல் பழுது, வயிற்றில் நீர், காலில் வீக்கம். சபை பொறுமையாக இருந்தது.

“கடைசி நாள் பின்னேரமும் நல்ல நினைவோடைதான் இருந்தவர்,” என்றார். “என்னைக் கூப்பிட்டு, சோத்துக்கு ஒரு மோர்மிளகாய் பொரிச்சுத் தருவியளோ எண்டு கேட்டவர். உப்புக் கூடாதெண்டு சொன்னன். பிறகு கதைக்கேல்லை. அண்டிரவு சீவன் போயிட்டுது.”

யோகராசாதான் முதலில் சுதாரித்து ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“டொக்டர் ஐயா சொன்னதின்ரை ஆழத்தை விளங்கிக்கொள்ளுங்கோ. மிளகாய் எண்டால் காரம். சாகிற நேரத்திலையும் எங்கடை காரம் குறையக்கூடாதெண்டு தலைவர் கேட்டிருக்கிறார்.”

கைதட்டல் எழுந்தது. குகதாசன் விடவில்லை.

“மோரை ஏன் அண்ணை விட்டிட்டியள்? மோர் குளிர்ச்சி. காரத்தை மோரிலை ஊறப்போடுங்கோ எண்டுதான் அவர் சொன்னது.”

அதற்கும் கைதட்டினார்கள். சிலர் இரண்டுக்கும் தட்டினார்கள்.

“அவர் உவமை ஒண்டும் சொல்லேல்லை. ஆஸ்பத்திரிச் சோறு சப்பெண்டு இருந்தது, அவ்வளவுதான்,” என்றார் டொக்டர். ஆனால் ஒலிவாங்கி அவர் கையில் இல்லை. ஆளுக்கொன்றாக இரு குழுவும் அவருக்குப் பொன்னாடை போர்த்தின.

வெளியே குளிர்ச்சட்டைகள் தொங்கிய இடத்தில் ஓர் அம்மா காத்திருந்தார். துரொண்ட்ஹெய்மிலிருந்து ரயிலில் வந்தவர். சோதிலிங்கத்தின் தங்கை, புஷ்பமலர். எந்தக் குழு என்று சொல்லத் தெரியாததால் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிடவில்லை. மீசையைப் பற்றியும் அவரிடம் யாரும் கேட்கவில்லை.

“டொக்டர், அந்த மிளகாயைக் குடுக்கவே இல்லையோ?”

“இல்லையம்மா. ஈரல் பழுதான ஆளுக்கு உப்பு...”

“அண்டைக்குச் சாகப்போறார் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

“தெரியும்.”

“அப்ப உப்பு என்ன செய்யப்போகுது?”

கோபமாகக் கேட்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்பதுபோலத்தான் கேட்டார்.

உள்ளே நாற்காலி அடுக்குவது எந்தக் குழுவின் வேலை என்று சச்சரவு தொடங்கியிருந்தது. டொக்டர் இரண்டு பொன்னாடைகளையும் கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு, புஷ்பமலருக்குக் கதவைத் திறந்து பிடித்தார். இருவரும் வழுக்கும் பாதையில் ரயில் நிலையத்துக்கு மெல்ல நடந்தார்கள்.

“வேறை என்ன கதைக்கிறவர்?”

“கதை குறைவு. என்னோடை கடதாசி விளையாடுவார். சீட்டை ஒளிச்சு வைச்சு ஒரே கள்ளம்.”

புஷ்பமலர் நின்று சிரித்தார். “வீட்டிலையும் அப்பிடித்தான். கண்டுபிடிச்சால் அழாக்குறையாய்க் கோவிப்பார்.”

“அந்தக் கோவம் எனக்குத் தெரியாதே. நான் ஒருநாளும் கண்டுபிடிச்சதாய்க் காட்டிக்கொள்ளேல்லை.”

“அப்ப அவர்தான் வெண்டவரோ?”

“ஓம். எப்பவும் அவர்தான்.”

“அது நல்லது,” என்று சொல்லிவிட்டு, வழுக்காமல் இருக்க டொக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார் புஷ்பமலர்.