நீலம் சரியில்லாத ரயில்

செத்துப்போன எட்டாவது மாதம், நெவில் கிரீன்வுட்டின் மனைவி டோரீன், கம்ப்யூட்டர் ரயில் விளையாட்டு ஒன்றில் இருந்த லீட்ஸ் ஸ்டேஷனின் கடைசி பிளாட்பாரத்தில் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். அது ஜூலை மாதம். அவர்கள் ஊரான ஹெப்பர்லியில் அந்த மாதம்தான் பால் விலை ஏறியது, மெதடிஸ்ட் கோயில் கூரை மறுபடி ஒழுகியது. நெவில் மாடிப் பின்னறையில் உட்கார்ந்து, திரைக்குள் ஒரு ரயிலை மெதுவாகப் பிளாட்பாரத்தில் கொண்டுவந்து நிறுத்தியபோது, முன்கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தார். நவம்பரில் முட்டி வலிக்கு டாக்டரைப் பார்க்க லீட்ஸ் போனாளே, அன்றைக்குப் போட்டிருந்த அதே குளிர்காலக் கோட்டு, அதே கட்டம்போட்ட பை, கையில் திரும்பி வருவதற்கான டிக்கெட். அன்று டாக்டரைப் பார்த்துவிட்டு, ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து, ரயில் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். உடம்பைக் காரில் கொண்டுவந்தார்கள், அடக்கமும் முறையாக நடந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் டோரீன் காசு கொடுத்து வாங்கிய எதையும் வீணாக விடுகிறவள் இல்லை. திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க, அவள் வேறு எப்படி வருவாள் என்று நெவில் நினைத்துக்கொண்டார்.

அந்த விளையாட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதில் சுடுவதும் கிடையாது, குதிப்பதும் கிடையாது. டிரைவர் இருக்கையில் உட்கார்ந்து, சிக்னல் பார்த்து, நேரத்துக்கு ரயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். வேலைக்குப் போய் ஓய்ந்தவர்கள் மறுபடியும் வேலைக்குப் போவது மாதிரியான விளையாட்டு. லீட்ஸிலிருந்து ஹெப்பர்லி வரைக்குமான பாதையைக் கம்பெனிக்காரர்கள் செங்கல் செங்கலாக வரைந்திருந்தார்கள். சுரங்கத்தில் கசிகிற தண்ணீர்கூட இருந்தது. ஆனால் அதன் மேல் ஓடியதெல்லாம் புது ரயில்கள், வழவழவென்று, பக்கவாட்டில் நகர்ந்து திறக்கும் கதவுகளோடு. டோரீன் ஒவ்வொரு ரயிலுக்கும் முன்னால் வந்தாள். கதவருகே நின்று மேலும் கீழும் பார்த்தாள். பிறகு நாலு அடி பின்வாங்கி, பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நின்றாள். ரயில் அவள் இல்லாமலே போயிற்று. ஓட்டிக்கொண்டு போனவர் நெவில்தான்.

இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகள் ஓடிவந்து மாத்திரை வாங்கித் தருவாள். ஆனால் அந்த இலையுதிர் காலத்தில் ஒருநாள், பந்து உருட்டும் கிளப்பின் மதுக்கூடத்தில், மால்கம் ஓல்ட்ராய்ட் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மால்கமுக்கும் அதே விளையாட்டுப் பைத்தியம். ஹெப்பர்லி ரயில் பிரியர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். நெவிலையும் சேர்த்து எட்டுப் பேர் கொண்ட சங்கம்.

"நெவில், ஒண்ணு கேப்பேன், சிரிக்கக் கூடாது."

"சிரிக்கிற வயசாடா இது."

"லீட்ஸ் கடைசி பிளாட்பாரத்துல எங்க அண்ணன் ராய் நிக்கிறான்."

"தெரியும். டோரீனுக்கு ரெண்டு ஆள் தள்ளி."

"பாத்தியா நீ? ஏன்யா சொல்லல?"

"நீ கேக்கல."

அதற்குப் பிறகு பேசிப் பார்த்ததில், எல்லோருமே பார்த்திருந்தார்கள். ஹெப்பர்லியின் செத்தவர்களில் பாதிப் பேர் அங்கே நின்றார்கள். கசாப்புக் கடை எனிட், இரண்டு பாதிரியார்கள், செத்த பிறகும் ஒருவரோடு ஒருவர் பேசாத ஹெய்க் சகோதரிகள். ஒருவரும் புது ரயில்களில் ஏறவில்லை. சங்கம் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தது. இது அவர்களுடைய ரயில் இல்லை. அவர்கள் காலத்தில் ஓடியது டீசல். நீல வண்ணம், மஞ்சள் முகம், ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது ஊரே தும்முகிற புகை. அந்த ரயில் வந்தால் ஏறுவார்கள், வந்தால்தான் ஏறுவார்கள். இதைச் சொல்லும்போது சங்கத்தில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால், உண்மையைச் சொல்வதானால், செத்தவர்கள் நிற்பதற்கு முன்பிருந்தே சங்கத்தாருக்கு வேண்டியது அதுதான்.

எழுத ஆரம்பித்தார்கள். பழைய டீசல் ரயில்களைச் சேர்க்க வேண்டும் என்று கம்பெனிக்குக் கடிதம், விளையாட்டுக்காரர்கள் பேசிக்கொள்ளும் இணையப் பக்கத்தில் மனு, மனுவுக்குக் கீழே ஆயிரம் கையெழுத்து. உங்கள் ஆலோசனை குறித்துக்கொள்ளப்பட்டது என்று பதில் வந்தது. பிறகு ஜெர்மனியின் அதிவேக ரயில் ஒன்று வந்தது. மறுபடி எழுதினார்கள், அமெரிக்கச் சரக்கு ரயில் வந்தது. மறுபடி எழுதினார்கள், சுவிட்சர்லாந்தின் மலை ரயில் வந்தது, அதற்கப்புறம் ஏதோ ஒரு ஊரின் டிராம் வந்தது. டிராம் வந்த அன்று நெவில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. டோரீன் வீட்டுக்கு வர வேண்டும். அதை மனுவில் எழுத முடியாது. அதனால் சக்கர அமைப்பைப் பற்றியும், இன்ஜின் சத்தத்தைப் பற்றியும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளின் கால அட்டவணையைப் பற்றியும் எழுதினார்.

இப்படியே ஆறு வருஷம் போயிற்று. ராணி தலை போட்ட நோட்டு போய் ராஜா தலை போட்ட நோட்டு வந்தது. மீன் வறுவல் கடை கைமாறியது. நெவிலுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். அவர் அந்த ஆறு வருஷமும் விளையாட்டுக்குள் வானிலையை மே மாதத்திலேயே வைத்திருந்தார். முதல் வாரத்தில் ஒருமுறை மழை பெய்து, டோரீனின் தலைக்குட்டை நனைந்து நெற்றியில் ஒட்டியதைப் பார்த்துவிட்டார், அதற்குமேல் மனசு கேட்கவில்லை. தினமும் காலையில் தேநீரோடு மாடிக்குப் போவார், மே மாதத்தைச் சரிபார்ப்பார், ஏதாவது ஒரு ரயிலை ஓட்டிப்போய் அவள் முன்னால் நிறுத்துவார். அவள் பார்ப்பாள், பின்வாங்குவாள். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்கிற கதைதான். அலுப்பு என்றால் அப்படி ஓர் அலுப்பு, எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்ட அலுப்பு.

ஏழாம் வருஷம் மார்ச்சில் கம்பெனி டீசல் ரயிலை வெளியிட்டது, தனிக் காசு கொடுத்து வாங்குகிற மாதிரி.

கிளப்பின் பெரிய திரையில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். சங்கத்தார் எண்மரும் இருந்தார்கள், மதுக்கூடத்தில் பரிமாறும் சூசன்கூட துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். மஞ்சள் முகம் சரி. புகை சரி. பெட்டிகள் மூன்று, பழைய மாதிரிக் கதவுகள், கைப்பிடிகள், எல்லாம் சரி.  நெவில்தான் முதலில் பேசினார். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவர் முப்பத்தோரு வருஷம் கார்ப்பெட் மில்லின் சாயப் பட்டறையில் நின்றவர், நீலத்தில் மட்டும் நாற்பது நீலம் தெரிந்தவர்.

"நீலம் சரியில்ல," என்றார்.

"எப்படிச் சரியில்ல?"

"பச்சை ஓடுது அதுல. நம்ம ரயில் நீலத்துல ஏது பச்சை? இது என்னமோ பல் தேய்க்கிற பேஸ்ட் மாதிரி இருக்கு."

சொன்ன பிறகு எல்லோருக்கும் பச்சை தெரிந்தது. பிறகு ஹாரன் சத்தம் தெரிந்தது, அது வேறு வட்டாரத்து ஹாரன். இருக்கைத் துணியின் கோடுகள் தெரிந்தன. மால்கம் எழுந்து நின்று, ஆறு வருஷம் காத்திருந்தது இந்த அரைகுறைக்கா, திருத்தித் தருகிற வரை ஒருத்தரும் வாங்கக் கூடாது என்று தீர்மானம் போட்டார். எட்டுக் கைகளும் உயர்ந்தன. உலகத்தில் வேறு யாராவது வேண்டியது கிடைத்ததும் வாங்கிக்கொண்டு வாயை மூடியிருப்பார்கள். இவர்களால் அது முடியாது. ரயில் பிரியர்களுக்கு ரயில் வராதது ஒரு கவலை, வந்தது தப்பாக வந்தால் அது ஒன்பது கவலை. நெவில் நாலு பக்கத்துக்கு நீலத்தைப் பற்றி எழுதிப்போட்டார். அதைப் படித்து யார்க்ஷயர் வட்டாரம் முழுக்க, பிறகு நாடு முழுக்க, ஆட்கள் இணையக் கடையில் அந்த ரயிலுக்கு ஒற்றை நட்சத்திர மதிப்பெண் போட்டார்கள். மூன்றாவது வாரம் கம்பெனிக்கும் அலுத்துப்போயிற்று. அந்த ரயிலைக் கடையிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இனிமேல் பிரிட்டிஷ் டீசல் ரயில்கள் செய்யும் எண்ணம் இல்லை என்று இரண்டு வரியில் அறிவித்தார்கள்.

மறுநாள் காலை நெவில் தேநீரோடு மாடிக்குப் போனார். மே மாத வெயில். டோரீன் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பிளாட்பாரத்தில் பெஞ்சு வரைந்திருக்கவில்லை. ஐம்பது வருஷத்தில் அவள் பொது இடத்தில் தரையில் உட்கார்ந்து அவர் பார்த்ததில்லை. கால்களை நீட்டி, காலணிகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து, முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். நெவிலுக்கு அப்போதுதான் தான் செய்தது உறைத்தது. வந்த ரயிலை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம், அதுவும் ஒரு சாயத்துக்காக. பாவி, படுபாவி என்று தன்னையே திட்டிக்கொண்டார். தேநீர் ஆறிப்போயிற்று.

மூன்று நாள் அவர் கிளப்புக்குப் போகவில்லை. நான்காம் நாள் மத்தியானம் மால்கம் வீடு தேடி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசற்படியிலேயே நின்றார்.

"ஒரு விஷயம். யார் கிட்டயும் சொல்லிடாத."

"என்ன?"

"நான் வாங்கிட்டேன்."

"எதை?"

"அந்த ரயிலைத்தான். வந்த அன்னிக்கே. கடையில எடுத்தாலும் வாங்கினவன் கிட்ட அது இருக்கும்."

"தீர்மானம் போட்டவனே நீதானேடா."

"தீர்மானம் போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். ராய் என்னைப் பாத்த மாதிரி இருந்துச்சு. என்ன பண்ணச் சொல்ற? ஓட்டத்தான் தைரியம் வரல. நான் என்ன ஓட்டுறேன்னு சங்கத்துல எல்லாருக்கும் பேரோட காட்டும் அந்தச் சனியன்."

நெவிலுக்கு அவரை அறையலாமா கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் தெம்பில்லை. கோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

மால்கமின் வீட்டு முன்னறையில், துணி காயப்போட்ட கொடிக்கும் மீன் தொட்டிக்கும் நடுவில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. மால்கம் முதலில் இணைய இணைப்பைப் பிடுங்கினார். பிறகு நெவிலை உட்காரச் சொன்னார். நெவில் மே மாதத்தை வைத்தார், இன்ஜினைக் கிளப்பினார். ஹாரன் வேறு வட்டாரத்து ஹாரன்தான். பச்சை ஓடும் நீலத்தோடு அந்த ரயில் லீட்ஸின் கடைசி பிளாட்பாரத்தில் போய் நின்றது. பிளாட்பாரம் முழுக்க எழுந்தது. டோரீன் காலணிகளை மாட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். இன்ஜினைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிக்கு முன்னால் நின்று, கதவின் கைப்பிடியைப் பார்த்தாள், பிடித்தாள், திருகினாள், ஏறினாள். எனிட் ஏறினாள். பாதிரியார்கள் ஏறினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகப் படார் படாரென்று சாத்தப்பட்டன.

மால்கம் நாற்காலியின் பின்னாலிருந்து திரைப் பக்கம் குனிந்தார். பிறகு, "கைப்பிடியா?" என்றார்.

"ஆமா."

"கதவு திறக்கத் தெரியாமலா இத்தனை வருஷம் நின்னாங்க?"

"புது ரயில்ல பட்டனை அமுக்கணும். அவளுக்கு எப்படித் தெரியும்? போகும்போது வேற யாராச்சும் அமுக்கியிருப்பாங்க. பேசாம ஓட்ட விடு."

நெவில் ஓட்டினார். கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது, ஆனால் ஒரு சிக்னலையும் தவறவிடவில்லை. சுரங்கம் தாண்டி, வாய்க்கால் தாண்டி, ஹெப்பர்லியில் நிறுத்தினார். எல்லோரும் இறங்கினார்கள். ராய் இறங்கி, சட்டைப்பையில் சிகரெட்டைத் தேடினான். டோரீன் பையோடு ஸ்டேஷன் வாசல் வரை போனாள். கம்பெனிக்காரர்கள் அந்த வாசல் வரைதான் வரைந்திருந்தார்கள். அதற்கு அப்பால் ஊர் கிடையாது, வீடு கிடையாது, வெறும் பச்சைத் தளம். அவள் வாசலில் ஒரு கணம் நின்று, பாதை தெரிந்தவளாக அந்த ஒன்றுமில்லாததற்குள் இறங்கி நடந்தாள். பிறகு தெரியவில்லை.

நெவில் மேட்டுத் தெருவில் வீட்டுக்கு ஏறினார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. வழியில் எனிட் யாருக்கோ நின்று பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டு அடுக்களையில் டோரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வருஷ வெயிலில் முகமும் கைகளும் ஸ்பெயின் போய் வந்தவள் மாதிரி கறுத்திருந்தன.

"கெட்டில்ல தண்ணி இல்ல," என்றாள்.

"வைக்கிறேன்."

"ஏன் நெவில் இவ்வளவு நேரம்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். கம்பெனி மேல் பழியைப் போட்டிருக்கலாம், அதில் பெரும்பங்கு உண்மையும்கூட. ஆனால் ஐம்பது வருஷம் அவளிடம் பொய் சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கெட்டிலில் தண்ணீர் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டே, மார்ச்சில் ஒரு ரயில் வந்ததையும், அதன் நீலத்தில் பச்சை ஓடியதையும், தானே எழுதி அதை நிறுத்திவைத்ததையும் சொன்னார். குழாய்ச் சத்தம் நின்றது. டோரீன் நாற்காலியில் அவர் பக்கம் திரும்பினாள்.

"ரயில் என்ன கலர்ல இருந்துச்சு?" என்று கேட்டாள். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

அந்த வசந்தத்தில் ஹெப்பர்லியில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் வீடு வந்து சேர்ந்தார்கள். கிளப்பில் கூடுதல் நாற்காலிகள் போட்டார்கள், ரொட்டிக்கடை காலையில் இன்னொரு தட்டு சுட்டது. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. டோரீன் ஒரு வாரம் நெவிலோடு பேசவில்லை. அடுக்களையில் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள், ஜன்னல்களைத் துடைத்தாள், அவர் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தாள். நெவில் அந்த வாரம் முழுக்க மாடிக்குப் போகவே இல்லை. கீழே உட்கார்ந்து, அவள் தன்னோடு பேசாமலிருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.