தோலுரித்த தோடம்பழம்

புதிய பாடத்திட்டம் வருகிறது என்று தெரிந்ததும் அதிபர் இந்திரகுமார் செய்த முதல் வேலை, ஒரு பதாகை அடித்ததுதான். 'கண்டறிந்து கற்போம்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எழுத்தைவிடப் பெரிதாக அவருடைய படம். உக்குவளை ரயில் பாதைக்கு மேலே நிற்கும் அந்தச் சின்ன ஆரம்பப் பாடசாலையில், பிள்ளைகள் இனி எதைக் கண்டறிவதானாலும் முதலில் அவரைக் கண்டறிந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று முதலாம் தர ஆசிரியை கெத்தரின் நினைத்துக்கொண்டாள்.

பாடத்திட்டத்தின் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆசிரியர் வழிகாட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கதைப் புத்தகம் மாதிரி வாசித்தவள் அவள். 'மிதக்கும், அமிழும்' என்றொரு பாடம் அவளுக்கு நிரம்பப் பிடித்திருந்தது. ஒரு பேசன் தண்ணீர், ஒரு கல், ஓர் ஆணி, போத்தல் மூடி, தோடம்பழம். தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று பிள்ளை முதலில் ஊகிக்க வேண்டும், பிறகு போட்டுப் பார்க்க வேண்டும். ஊகத்துக்குச் சரி, பிழை கிடையாது என்று வழிகாட்டி சொன்னது. கெத்தரினுக்கு அதன் சூட்சுமம் உடனே புரிந்தது. தன் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்ட பிள்ளைதான் கண் கொட்டாமல் பேசனைப் பார்க்கும். சொல்லாத பிள்ளைக்கு அது வெறும் தண்ணீர்.

வீட்டில் அவளே செய்து பார்த்தாள். தோடம்பழம் மிதந்தது. தோலை உரித்துப் போட்டாள்; நேராக அடிக்குப் போனது. தோலின் உட்புறத்து வெள்ளைப் பஞ்சுக்குள் காற்று நிறைய இருக்கிறது. பழம் காற்றுச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு மிதக்கிறது. சட்டையைக் கழற்றினால் மிஞ்சுவது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனமான சாறும் சுளையும். அவள் ஏழெட்டுப் பழங்களை உரித்து முடித்தபோது கணவன் கிறிஸ்டியன் எட்டிப் பார்த்து, "இது பாடமா, ஜூஸ் கடையா?" என்று கேட்டான்.

இந்த அழகான பாடத்தைத்தான் இந்திரகுமார் கையில் எடுத்தார். கல்வி வலயத்திலிருந்து ஓர் அதிகாரி பார்வையிட வருகிறாராம். அதற்கு ஒத்திகை வேண்டுமாம்.

"கண்டுபிடிக்கிறதுக்கு எதுக்கு சேர் ஒத்திகை?" என்றாள் கெத்தரின்.

"ஒத்திகை இல்லாம விட்டா, பிள்ளைங்க வேற என்னத்தையாவது கண்டுபிடிச்சிடுவாங்க டீச்சர்."

அவர் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த மனிதருக்கு வேடிக்கை வராது. சரியாக ஊகிக்கும் பிள்ளைகளை அவரே பொறுக்கினார். அவர்களுடைய பெற்றோர் பாடசாலைக்குக் கதிரை வாங்கித் தந்தவர்கள் என்பது தற்செயல் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு, "பிழையா ஊகிக்கவும் ஒரு ஆள் வேணுமே. அப்பத்தான் இயல்பா இருக்கும்," என்று வகுப்பைச் சுற்றிப் பார்த்து ஜெஸ்லாவைக் காட்டினார். "இது எப்படியும் பிழைதானே சொல்லும்."

ஜெஸ்லா பிழை சொல்லும் பிள்ளை அல்ல, யோசித்துச் சொல்லும் பிள்ளை. கேட்டவுடன் பதில் வராவிட்டால் இந்திரகுமாருக்கு அது பிழைதான்.

ஒத்திகை தினமும் நடந்தது. ஜெஸ்லா எழுந்து, "தோடம்பழம் அமிழும்" என்பாள். வகுப்பு சிரிக்கும். சிரிப்பும் ஒத்திகையில் சேர்ந்ததுதான். பழம் மிதக்கும். எல்லோரும் சேர்ந்து, "ஆகா, மிதக்கிறது" என்று கை தட்டுவார்கள். ஜெஸ்லா தலையைக் குனிந்து, "நான் நினைத்தது பிழை" என்பாள்.

ஒருநாள் காலை அவளுடைய உம்மா றம்லா வந்து வாசலில் நின்றாள்.

"டீச்சர், மகள் வீட்டுலயும் இதையே சொல்றா. வாப்பா சோறு காணுமா, இன்னும் வேணுமான்னு கேட்டா, யோசிச்சிட்டு, நான் நினைச்சது பிழைங்கிறா. மாமி வந்து நீ எந்த வகுப்பு மகள்னு கேட்டதுக்கு, நான் பிழை சொல்ற பிள்ளைன்னு சொல்லிட்டா. எனக்கு என்னவோ மாதிரி ஆயிட்டு. நாடகம் முடிஞ்சா இது போயிருமா டீச்சர்?"

கெத்தரினால் போகும் என்று சொல்ல முடியவில்லை. ஜெஸ்லா இப்போது கை உயர்த்துவதே இல்லை. கெத்தரின் நேரே அதிபரிடம் போய், அந்த இடத்துக்கு வேறு பிள்ளையைப் போடச் சொன்னாள்.

"இப்ப மாத்தினா நாடகமே குழம்பிடும்."

"நாடகம்னு நீங்களே சொல்றீங்க சேர்."

"பாடம்னுதான் சொன்னேன்," என்று அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அதிகாரி வரும் நாளில் கெத்தரின் பழத்தை மேசையில் வைத்தாள். இந்திரகுமார் அதை அருவருப்பாகப் பார்த்தார். நம்மூர்த் தோடம்பழம் பச்சை நிறம், தோலில் கரும்புள்ளிகள் வேறு. புத்தகத்துப் படத்தில் பழம் செம்மஞ்சளாகப் பளபளத்தது.

"இதைப் பார்த்தா அவர் என்ன நினைப்பார்? புத்தகத்துல உள்ள மாதிரி இருக்க வேணாமா?"

அவரே கத்தி எடுத்து உட்கார்ந்தார். தோலை உரித்தார், வெள்ளைப் பஞ்சை ஒரு நார் விடாமல் எடுத்தார். மஞ்சளாக மின்னிய பழத்தைத் தட்டில் வைத்துத் தள்ளி நின்று ரசித்தார். கெத்தரின் வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

"இப்ப நல்லா இருக்குல்ல டீச்சர்?"

"ரொம்ப நல்லா இருக்கு சேர்," என்றாள். அவரிடம் அந்த வருடம் அவள் மனதாரச் சொன்ன முதல் வார்த்தை அது.

அதிகாரி வந்தார், பதாகையைப் பாராட்டினார், கதிரையில் அமர்ந்து தொலைபேசியைப் பார்க்கத் தொடங்கினார். கல் அமிழ்ந்தது, மூடி மிதந்தது. ஜெஸ்லா எழுந்து, "தோடம்பழம் அமிழும்" என்றாள். வகுப்பு சிரித்தது. இந்திரகுமார் பழத்தை இரண்டு விரல்களால் தூக்கித் தண்ணீரில் விட்டார்.

பழம் அடியில் போய் உட்கார்ந்தது.

"ஆகா, மிதக்கிறது," என்று வகுப்பு முழுவதும் கை தட்டியது. அதிகாரியும் தலை நிமிராமல் தட்டினார்.

ஜெஸ்லா மட்டும் தட்டவில்லை. பேசனுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்திரகுமார் குனிந்து, "சொல்லு மகள். நான் நினைத்தது..." என்று எடுத்துக் கொடுத்தார். பிள்ளை வழக்கம்போல யோசித்தது.

"நான் நினைச்சது சரி சேர். அது அடியில கெடக்கு."

கைதட்டல் நின்றது. அதிகாரி இப்போதுதான் பேசனை எட்டிப் பார்த்தார். இந்திரகுமாரும் பார்த்தார்.

"பழம் பழுது," என்றார் இந்திரகுமார். "நல்ல பழமா இருந்தா மிதந்திருக்கும் சேர். டீச்சருக்குப் பார்த்து வாங்கத் தெரியல. வாங்க, தேத்தண்ணி ஆறுது."

அதிகாரி மறுபேச்சில்லாமல் எழுந்து போனார். தன் கையால் உரித்த தோல் குப்பைக்கூடையில் கிடப்பதை அதிபர் திரும்பியும் பார்க்கவில்லை. அது மிதக்குமா, அமிழுமா என்று வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் யோசிக்கப் போவதில்லை.

கெத்தரின் தன் பையிலிருந்து உரிக்காத இன்னொரு பழத்தை எடுத்தாள். பிள்ளைகள் வரிசையை உடைத்துக்கொண்டு பேசனைச் சுற்றி நெருக்கினார்கள்.

"இது என்ன ஆகும்?"

ஜெஸ்லாவின் கை மெதுவாக உயர்ந்தது.