அண்ணி படிக்காத பாதி

1

இது கதையாகப் பிறக்கவில்லை. கணக்கர் வேலைக்கான தொடக்கநிலைத் தேர்வில் பிள்ளைகள் செய்யும் பத்துத் தவறுகளைப் பற்றி ஒரு பயிற்சி நிலையத்தார் என்னிடம் கட்டுரை கேட்டார்கள். முப்பது வருடம் கணக்குப் பிரிவில் குப்பை கொட்டியவள், போதாததற்குக் கதையும் எழுதுகிறவள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்திருப்பார்கள்.

ஒன்பதை மளமளவென்று எழுதிவிட்டேன். கடைசி வாரத்தில் புதுப் பாடம் தொடங்காதீர்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு பழைய வினாத்தாளைப் போட்டுப் பாருங்கள். விடைப்பக்கத்தை மூடிவிட்டுக் கணக்குப் போடுங்கள். இந்த ரீதியில்.

பத்தாவதில் பேனா நின்றது. நின்ற இடத்திலிருந்து இது கிளம்புகிறது.

2

முதல் தொடக்கம்: "ஒரு வீட்டில் அண்ணியும் நாத்தனாரும் ஒற்றுமையாக இருந்தார்கள்." (யார் நம்புவார்கள்? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: "அண்ணன் வேலை பார்த்த ஆலை மூடப்பட்ட வருடம், வீட்டில் யாராவது ஒருவர்" (அண்ணனை உள்ளே விட்டால் கதையையே தூக்கிக்கொண்டு போய்விடுவான். பாதியில் விட்டுவிட்டேன்.)

மூன்றாம் தொடக்கம்: புத்தகம் ஒன்று, படிக்க இரண்டு பேர்.

இது நிற்கட்டும். அண்ணி என்னைவிட ஆறு மாதம்தான் மூத்தவர். இருவரும் ஒரே மாலை வகுப்புக்குப் போனோம். இரண்டு புத்தகம் வாங்க வசதியில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அண்ணி காய் நறுக்கும் கத்தியை எடுத்துவந்து, முதுகோடு புத்தகத்தை இரண்டாகப் பிளந்தார்.

"முன்பாதி உனக்கு, பின்பாதி எனக்கு. படிச்சு முடிச்சதும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்துக்கலாம். பாதி நேரத்துல முழுப் புத்தகம்!"

எங்களுக்கு என்ன மூளை என்று நாங்களே மெச்சிக்கொண்டோம்.

[அண்ணி இப்போது கூடத்தில்தான் இருக்கிறார். நான் எழுதி முடிக்கும் தாளை ஒவ்வொன்றாக வாங்கிப் படிப்பது அவர் வழக்கம். முதல் தாள் போயாயிற்று. "ஒன்பதுலயும் என் பேரு இல்லையே! கணக்குல மக்குன்னா நான்தானே?" என்று அங்கிருந்தே சிரிக்கிறார். முப்பது வருடமாக இதையேதான் சொல்கிறார்.]

3

துணி தேய்க்கும் மேசைதான் எங்கள் படிப்பு மேசை. ஒரு பக்கம் அண்ணனின் சட்டைகள், மறுபக்கம் அண்ணி. கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் தேய்மானக் கணக்குகளைப் போட்டுப் போட்டுக் குவிப்பார். காதில் செருகிய துண்டுப் பென்சிலை மறந்துவிட்டு வீடு முழுக்கத் தேடுவார். அந்த அறையின் சூடான பருத்தி வாசனை இன்றைக்கு எந்த இஸ்திரிக் கடையிலிருந்து வந்தாலும் கண் கலங்கிவிடுகிறது.

நான் பாயில் குப்புறப் படுத்து என் பாதியை வாசிப்பேன். படிப்பதில்லை, வாசிப்பேன். வியாபாரி கடைச் சரக்கில் கொஞ்சம் சொந்தத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று கணக்கில் வந்தால், யாருக்காக எடுத்தாரோ, வீட்டில் தெரியுமோ என்று யோசிப்பேன். கீழே விடை இருக்கும். சரிதான் என்று தலையாட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்புவேன். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அப்போது தெரியவில்லை.

(அண்ணியை அளவுக்கு மீறி நல்லவராக்குகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. ஆகவே: நல்ல அழிப்பானை ஒளித்துவைத்துக்கொள்வார். என் கையெழுத்தைக் கோழி கிளறியது என்பார். எனக்கு முன்னால் எழுந்து குளியலறையைப் பிடித்துக்கொள்வார்.)

4

தேர்வுக்கு முந்தைய ஞாயிறு பகிர்ந்துகொள்ளும் நாள். காலையிலிருந்து மூன்று மணிவரை அண்ணி தொண்டை வறளச் சொல்லிக்கொடுத்தார். எனக்கு வராததை மூன்று முறை, வேறு வேறு விதமாக.

பிறகு பென்சிலைக் கூராக்கிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "இப்ப நீ சொல்லு. எனக்குப் பயமே அந்தப் பிழைத்திருத்தம்தான்."

தவறாக எழுதிய கணக்குகளைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் பாடம் அது. தாளில் முதல் கணக்கை எழுதினேன். இரண்டாவது வரியில் கை நின்றது. மூன்று முறை வாசித்த கணக்கு. ஒன்றுமே வரவில்லை.

"அது ஒண்ணுமில்ல அண்ணி, ரொம்ப ஈஸி. பார்த்தாலே புரிஞ்சிடும்," என்றேன். "எனக்குத் தலைவலி. நீங்களே ஒரு தடவை புரட்டிடுங்க."

அண்ணி என் முகத்தைப் பார்க்காமல் புத்தகத்தைப் பார்த்தார். புரட்டினார். புரியவில்லை. "எல்லாருக்கும் ஈஸியா இருக்கறது எனக்கு மட்டும் மண்டையில ஏற மாட்டேங்குதே," என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

தேர்வில் பிழைத்திருத்தத்துக்கு இருபது மதிப்பெண். அண்ணிக்கு நாற்பத்தாறு, நான்கு குறைந்து தோற்றார். எனக்கு ஐம்பத்து நான்கு. அந்தக் கேள்வியை நானும் தொடவில்லை. அண்ணி சொல்லிக்கொடுத்த பாதிதான் என்னைக் கரையேற்றியது. அவர் மறுபடி எழுதவில்லை. "எனக்கு வராது, விடு," என்று தேய்ப்புப் பெட்டியைச் சூடேற்றப் போய்விட்டார். நான் வேலைக்குப் போனேன்.

5

முடிவு அ: உண்மையைச் சொல்கிறேன். "அப்பவே தெரியும்டி," என்று அண்ணி என்னைக் கட்டிக்கொள்கிறார். (எனக்கு வசதியான முடிவு. அதனாலேயே வேண்டாம்.)

முடிவு ஆ: சொல்கிறேன். அண்ணி பையை எடுத்துக்கொண்டு

முடிவு இ: சொல்லாமல், பத்தாவதாக "போதிய அளவு தூங்குங்கள்" என்று எழுதி அனுப்பிவிடுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து முப்பது வருடம் பழகியவளுக்கு இன்னொரு நாள் பெரிதல்ல.

6

பத்தாவது தவறு: புரியாததைப் புரிந்ததாகச் சொல்லாதீர்கள். அதை நம்பும் ஒருவர், தன்னைத்தான் மக்கு என்று நினைத்துக்கொள்வார்.

அண்ணி, நீங்கள் மக்கு இல்லை. அந்தப் பாடம் எனக்கும் தெரியவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

கூடத்திலிருந்து சத்தம் வருகிறது. "தலைவலின்னு சொன்னியே, அதோட நிக்குது. அடுத்த தாள் எங்கடி?"

அடுத்த தாள் இதுதான். வாசகரே, நீங்கள் அவரைவிட ஒரு தாள் முன்னால் வந்துவிட்டீர்கள். இதற்குமேல் உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். பேனாவை மூடிவிட்டேன் என்று எழுதவும் பேனா தேவைப்படுகிறது. சரி, போதும்.

"இதோ வரேன் அண்ணி."