உயிரோடிருப்பவளுக்கு ஒரு மாலை

ஸ்டூல் ஆடியது. மௌனிகா ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மாலையை இழுத்தாள். சாக்கு தைக்கும் நூலில் கோத்த வெள்ளை டேலியாப் பூக்கள். முடிச்சு இறுகியிருந்தது. வெளியே படிக்கட்டில் செருப்புச் சத்தம் நெருங்கிவிட்டது. இன்னும் ஒரே இழுப்பு.

நூல் அறுந்தது. பூக்கள் தரையில் சிதறின. ஒன்று உருண்டுபோய், வாசலில் வந்து நின்ற சாந்தம்மாளின் காலடியில் கிடந்தது.

சாந்தம்மாள் பூவைப் பார்த்தாள். சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். பின்னால் வந்த பெண்களைக் கை நீட்டித் தடுத்தாள்.

"இன்னைக்கும் போட்டிருக்கு. ஒருத்தியும் உள்ள காலு வைக்காதீங்க."

படத்தில் சிரித்துக்கொண்டிருந்தவள் மாரீஸ்வரி. கீழே 'இம்மாதத்தின் சிறந்த தொழிலாளி' என்று தங்க எழுத்து. அந்த மாரீஸ்வரி உயிரோடுதான் இருந்தாள். அதோ, கும்பலுக்குக் கடைசியில், தோளில் சோற்றுப் பையோடு தனியே நின்றாள்.

வண்டிப்பெரியாருக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தொழிற்சாலைக்கு மௌனிகா மனிதவள அதிகாரியாக வந்து ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. சொந்த ஊர் பாலக்காட்டுக்குக் கிழக்கே கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஓடுவதை நிறுத்த வேண்டும். இது நம்ம இடம் என்று அவர்கள் நினைக்க வேண்டும். அதற்காகத்தான் அவளை அனுப்பியிருந்தார்கள். யோசித்து யோசித்து அவள் கொண்டுவந்த திட்டம்தான் இந்தப் படம். கூடவே ஒரு மரியாதையும் உண்டு. படத்தில் இருப்பவள் அந்த மாதம் முழுக்க மேனேஜரோடு அதிகாரிகள் மேசையில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடலாம்.

சட்டம் போட்டுத் தந்த கடைக்காரர் பழக்கதோஷத்தில் படத்துக்குக் கீழே ஒரு சிவப்பு பல்பையும் பொருத்திவிட்டார். விழா தொடங்கும்போதுதான் மௌனிகா அதைக் கவனித்தாள். அவசரமாக எலக்ட்ரீஷியன் மிக்கேலைக் கூப்பிட்டு வயரைப் பிடுங்க வைத்தாள். எரியாத பல்பு மட்டும் படத்துக்குக் கீழே தங்கிவிட்டது. அன்றைக்கே சாந்தம்மாள் ஒரு வார்த்தை விட்டாள்.

"படத்துல ஏறியாச்சு. இனி படையல்தான் பாக்கி."

கூடமே சிரித்தது. மாரீஸ்வரியும் சேர்ந்து சிரித்தாள்.

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இது மூன்றாவது மாலை. கூட வேலை செய்கிறவள் சாக வேண்டும் என்று நினைக்கும் ஒருத்தி இந்தக் கூரைக்குக் கீழே இருக்கிறாள், அவள் யாரென்று தெரியாமல் உள்ளே வரமாட்டோம் என்று சொல்லிப் பெண்கள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

மேனேஜர் டிஜோ குடையை மடக்கியபடி வந்தார். உள்ளே தொட்டிகளில் இரவெல்லாம் வாடிய கொழுந்து காத்திருந்தது. சீக்கிரம் அரைக்காவிட்டால் கெட்டுப்போகும். கொழுந்தை வாரிப் போடுவதிலிருந்து தூளைச் சலிப்பது வரை எல்லாமே இந்தப் பெண்கள்தான். டிஜோ நின்ற இடத்திலிருந்தே லாரிக்கு ஃபோன் செய்தார். கொழுந்தை வேறு ஃபேக்டரிக்கு ஏற்றிவிடப் போவதாகச் சொன்னார். கான்ட்ராக்ட் ஆட்களை வைத்துக்கொள்ளத் தலைமை அலுவலகம் ஒரு காரணத்துக்காகத்தான் காத்திருந்தது, இவர்களே அதைக் கொடுத்துவிட்டார்கள், அடுத்த வாரம் இந்தப் படிக்கட்டில் வேறு முகங்கள் இருக்கும் என்றார். மாலை போட்டது சாந்தம்மாளாகத்தான் இருக்கும் என்பதும் அவர் கட்சி.

"லாரி வர்ற வரைக்கும் எனக்கு நேரம் கொடுங்க சார்," என்றாள் மௌனிகா.

"வந்தா பின்னே எனக்கு வேற வழி இல்ல, மௌனிகா."

கேமராப் பதிவை அவள் முந்தைய நாளே பார்த்துவிட்டாள். கேமரா இயந்திரங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. சுவரை யாரும் அதற்குக் காட்டவில்லை. டேலியா, தொழிலாளர்கள் குடியிருக்கும் எல்லா லயத்து வீடுகளின் வாசலிலும் பூத்துக் கிடந்தது. சாக்கு நூல் எல்லாப் பெண்களின் இடுப்பிலும் இருந்தது. தடயம் எதுவும் உதவாது. ஆட்களிடம்தான் போக வேண்டும்.

மௌனிகா ஈரப் படியில் சாந்தம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க அக்கா, மாலை நீங்க போட்டதுங்களா?"

"நான் வாயால வைவேன் மேடம். பூக்கட்டி வைய எனக்கு ஏது நேரம்?"

பின்படியில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அப்புறம் அவங்களை ஏனுங்க ஒதுக்கி வெச்சிருக்கீங்க?"

"நாங்களா ஒதுக்கினோம்?" சாந்தம்மாள் திரும்பி உட்கார்ந்தாள். "மத்தியானம் வட்டமா உக்காந்து எல்லார் கொழம்பையும் ஒண்ணாக் கலந்து திங்கிற சனம் நாங்க. மொத வாய் இவ கொழம்புதான். நீங்க இவளைத் தூக்கிட்டுப் போயி மேசையில வச்சீங்க. இவளும் போனா. போனவளுக்கு நாங்க எதுக்கு மேடம் எடம் பிடிச்சு வைக்கணும்?"

மாரீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மௌனிகாவுக்கு அந்த மேசை கண்முன் வந்தது. மாரீஸ்வரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். டிஜோ மலையாளத்தில் சொல்லும் வேடிக்கைக்கு மற்றவர்கள் சிரித்த பிறகு சிரிப்பாள். டிபன் பாக்ஸைப் பாதியில் மூடிவிடுவாள். கூச்சம் என்று மௌனிகா நினைத்திருந்தாள். வட்டத்திலிருந்து ஒருத்தியைப் பிய்த்தெடுத்துவிட்டு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்தது இப்போதுதான் உறைத்தது.

அவள் எழுந்தாள். மிக்கேலின் பெட்டியிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மறுபடி ஸ்டூலில் ஏறினாள். தலைமை அலுவலகத்தைக் கேட்காமல் தொடக்கூடாது என்று டிஜோ கத்தினார். தன் திட்டத்தைத் தானே கழற்றுவதாக அவள் சொன்னாள். அதிகாரிகள் மேசையும் இன்றோடு சரி, மாரீஸ்வரி எங்கே சாப்பிடுவது என்பதை இனி மாரீஸ்வரியே முடிவு செய்யட்டும் என்றாள். படத்தைக் கொண்டுவந்து மாரீஸ்வரியின் கையிலேயே கொடுத்தாள்.

சாந்தம்மாள் தலையசைத்தாள். ஆனால் எழவில்லை.

"படம் எறங்கிருச்சு, சரி. மாலை போட்டவ இன்னும் எங்க கூடத்தான இருக்கா?"

வளைவில் ஹாரன் கேட்டது. லாரி முற்றத்துக்குள் நுழைந்து, பின்பக்கமாக வந்து கொழுந்து வாட்டும் கூடத்தின் கதவை அடைத்து நின்றது. கொழுந்தை ஏற்றச் சொல்லி டிஜோ கையசைத்தார்.

மௌனிகா மேல்படியில் ஏறி நின்றாள்.

"மாலை போட்டது நானுங்க."

எல்லாரும் படத்தைப் பற்றியே பேச வேண்டும் என்று நினைத்து விளையாட்டாகச் செய்த காரியம், இன்றைக்குப் பயந்துபோய் அவிழ்க்க வந்தபோது மாட்டிக்கொண்டேன் என்று அவள் தொடர்ந்தாள். டிஜோ அவளை வெறித்துப் பார்த்தார். மத்தியானத்துக்குள் ராஜினாமா தன் மேசைக்கு வர வேண்டும் என்றார். சரி என்றாள்.

சாந்தம்மாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"படிச்ச புள்ளை செய்யுற வேலையா இது?" எழுந்து சேலையை உதறினாள். "வாங்கட்டி. கொழுந்து என்ன பாவம் பண்ணுச்சு?"

பெண்கள் ஒவ்வொருவராக ஏறினார்கள். கூடத்து வாசலில் சோற்றுப் பைகளை மாட்டும் நீளக் கம்பி ஒன்று உண்டு. படம் ஏறிய நாளிலிருந்து மாரீஸ்வரியின் பை அதில் தொங்கவில்லை. அது அதிகாரிகளின் அலமாரிக்குப் போய்விட்டது. சாந்தம்மாள் போகிற போக்கில் மாரீஸ்வரியின் தோளிலிருந்து பையை உருவினாள். தன் பைக்குப் பக்கத்தில் மாட்டினாள்.

உள்ளே இயந்திரம் ஓட்டும் ஈஸ்வரன் சுவிட்சைப் போட்டான். இயந்திரம் உறுமியது. லாரி டிரைவர் எஞ்சினை அணைத்துவிட்டு பீடியைப் பற்றவைத்தான். மௌனிகா கடிதம் எழுத அலுவலகத்தை நோக்கி நடந்தாள்.

"மேடம், நில்லுங்க."

மாரீஸ்வரி இன்னும் படிக்கட்டில்தான் நின்றாள். படத்தை நெஞ்சோடு அணைத்திருந்தாள். கண்கள் கம்பியில் தொங்கிய பையிலேயே இருந்தன. இயந்திரச் சத்தத்துக்கு மேலே அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"சாந்தக்கா, மேடம் பொய் சொல்லுதாங்க. மேனேஜர் சாரும் கேட்டுக்கோங்க."

சாந்தம்மாள் வாசலிலேயே திரும்பி நின்றாள்.

"பூ எங்க வாசல்ல பறிச்சது. கோத்ததும் நான்தான், போட்டதும் நான்தான். இந்தப் படத்துல இருக்கவ செத்தாத்தான் உங்க பக்கத்துல எனக்கு மறுபடி எடம் கெடைக்கும்னு தோணுச்சுக்கா."